நேற்றைய பக்கத்துக்குத் திரும்புதல்: முதல் நாவல் எழுதுவோருக்கான அன்றாட ஒழுங்கு

முதல் நாவலை எழுதத் தொடங்கியிருப்பவர்கள் என்னிடம் பேச வரும்போது பெரும்பாலும் நேரமில்லை என்றுதான் சொல்கிறார்கள். ஆசிரியர், தாதி, மாவட்டச் செயலகமான கச்சேரியின் எழுதுநர், கடைக்காரர், மூன்று பிள்ளைகளின் தாய் என்று யாராக இருந்தாலும் முறைப்பாடு ஒன்றே. அவர்களுடைய நாளை அவர்களோடு இருந்து கூட்டிப் பார்த்தால் முக்கால் மணி நேரம் எங்கோ ஓரிடத்தில் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த முக்கால் மணியில் அரை மணி நேரம், நேற்று எந்த இடத்தில் விட்டோம், அந்தப் பாத்திரம் என்ன மனநிலையில் நின்றது, எந்தக் குரலில் கதை சொல்லிக்கொண்டிருந்தோம் என்று தேடுவதிலேயே கழிந்துபோகிறது. சிறுகதையை ஒரே இருப்பில் எழுதி முடித்தவர்கள் உண்டு. நாவலை விட்டு இருநூறு தடவையாவது வெளியே போய்த்தான் திரும்பி வரவேண்டும். ஆகவே நாவலாசிரியரின் அன்றாட ஒழுங்கு என்று நான் கருதுவது, அந்தத் திரும்பி வரும் வழியைக் குறுக்கிக்கொள்ளும் ஏற்பாட்டைத்தான்.

முதற்படி: உங்கள் நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

எழுதத் தொடங்கும் முன்னர் ஒரு கிழமைக்கு ஒன்றும் எழுதாமல், எழும்பிய நேரம் முதல் படுக்கும் நேரம் வரை நீங்கள் செய்தவற்றை மணிக்கணக்கோடு குறித்துவையுங்கள். எந்த நேரத்தில் உங்களை யாரும் கூப்பிடுவதில்லை என்பதை அந்தக் குறிப்புக் காட்டிவிடும். இலங்கையின் கிழக்கில், நம்முடைய மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதியில் பெரும்பாலானோருக்கு அது விடியப்புறம் நான்கரைக்கும் ஐந்தரைக்கும் இடைப்பட்ட நேரமாகவே இருக்கிறது. பாடசாலை ஏழரைக்குத் தொடங்குவதால் ஐந்தரைக்குப் பின்னர் வீடு முழுவதும் எழும்பிவிடும்; பகலில், குறிப்பாக வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில், மதியத்துக்குப் பிறகு உடம்பு எழுத்துக்கு இணங்குவதில்லை; மாலையில் ரியூசன், கோயில், கடை என்று ஆட்கள் வந்துபோவார்கள். காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் உள்ள நண்பர்கள் சுபஹ் தொழுகைக்குப் பின்வரும் நேரத்தை எழுத்துக்கு வைத்திருக்கிறார்கள். நோன்பு மாதத்தில் அவர்கள் சஹருக்கு எழும்பும் வேளையோடு அதைச் சேர்த்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இரவுக் கடமை பார்க்கும் தாதி ஒருவருக்கு, வீட்டுக்கு வந்து பிள்ளைகளை அனுப்பிய பின்னர் வரும் காலை எட்டரை மணியே சாமமாக இருக்கிறது. கடிகாரத்தில் அது எத்தனை மணி என்பது முக்கியமன்று. ஒவ்வொரு நாளும் அதே நேரமாக இருப்பதுதான் முக்கியம். உடம்புக்குப் பசி நேரம் பழகுவதுபோல எழுத்து நேரமும் பழகும், அதற்கு மூன்று கிழமையாவது செல்லும்.

கிழமைக்கு ஐந்து நாட்களை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஏழு நாளும் எழுதுவேன் என்று சபதம் செய்தவர் மூன்றாம் கிழமையில் ஒரு நாள் தவறியதும் முழுவதையும் விட்டுவிடுவதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

இரண்டாம் படி: கொப்பியும் மேசையும்

சீ.ஆர். என்று கடையில் சொல்லும் கெட்டி அட்டைக் கொப்பிகள், 200 பக்கத்தில், நான்கு வாங்குங்கள். வலப்பக்கத்தில் மட்டும் கதையை எழுதுங்கள். இடப்பக்கம் வெறுமையாக இருக்கட்டும், அது பிறகு திருத்தத்துக்கும் குறிப்புக்கும் வேண்டியிருக்கும். கணினியில் நேரடியாக எழுதுவோர் எழுதலாம், ஆனால் பாமினி எழுத்துருவில் பழகியவர்கள் தொடக்கத்திலேயே யூனிகோடுக்கு மாறிவிடுவது நல்லது. முந்நூறு பக்கத்தைக் கடைசியில் மாற்றும்போது எழுத்துகள் உடைந்து, வரிக்கு வரி சரிபார்க்க வேண்டிய வேலை வந்து சேரும். எதில் எழுதினாலும் கிழமைக்கு ஒரு முறை இன்னொரு இடத்தில் பிரதி வையுங்கள். கொப்பியென்றால் தொலைபேசியில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடலாம். கார்த்திகை, மார்கழி மழையில் வெள்ளம் வீட்டுக்குள் வரும் ஊர்களில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தனி அறை வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு கதிரை, ஒரு மேசை, எப்போதும் அதே மூலை என்பது போதும். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் கையில் கொப்பியும் ஒரு லாம்பும் இருந்தவர்களின் எழுத்து நிற்கவில்லை. ஆகையால் மின்கலத்தில் எரியும் விளக்கொன்று அந்த மேசையிலேயே இருக்கட்டும். தொலைபேசி மட்டும் வேறு அறையில் இருக்கவேண்டும். இதில் நான் கண்டிப்பாகவே இருக்கிறேன்: கவிழ்த்து வைத்த தொலைபேசியும் மனத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது.

மூன்றாம் படி: நாளுக்கு எவ்வளவு

நாளொன்றுக்கு 300 சொற்கள். இதைக் கேட்டுப் பலர் முகம் சுருக்குகிறார்கள், ஏனெனில் ஆங்கிலத்தில் எழுதுவோர் ஆயிரம், இரண்டாயிரம் என்று சொல்வதை எங்கோ வாசித்திருக்கிறார்கள். தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சொல்லோடு எண்ணிக்கையால் ஒப்பிடுவது சரியாகாது. 'போயிருக்கமாட்டார்களென்று' என்ற ஒரு சொல்லுக்குள் நாம் அடக்கிவிடுவதைச் சொல்ல அவர்களுக்கு ஐந்தாறு சொற்கள் வேண்டும். நம்முடைய 300 சொற்கள் ஒரு காட்சியின் கனத்தைத் தாங்கக்கூடியவை. கணக்கைப் பாருங்கள்: கிழமைக்கு ஐந்து நாள் என்றால் 1,500 சொற்கள், 40 கிழமையில் 60,000. அச்சில் ஏறத்தாழ 250 பக்கம் வரும் நாவல் அது. என் கையெழுத்தில் கொப்பிப் பக்கத்துக்கு 150 சொல் வருகிறது. நாளுக்கு இரண்டு வலப்பக்கம், கொப்பிக்கு ஐம்பது நாள், நான்கு கொப்பியில் முதற் கைப்பிரதி முடிந்துவிடும்.

அந்தோனி டிரோலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் இங்கிலாந்தின் தபால் திணைக்களத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். அவர் மறைந்த பின்னர் 1883இல் வெளிவந்த தன்வரலாற்றில் தம் வழக்கத்தை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்: காலை 5.30க்கு மேசைக்கு வருவார். கைக்கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 சொல் என்று எழுதுவார். தம்மை எழுப்பிக் கோப்பி கொடுப்பதற்காக முதிய வேலையாள் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்தார். இந்தக் கால்மணிக் கணக்கையே எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். புதியவர்கள் கவனிக்க வேண்டியது அதே பகுதியில் அவர் சொல்லும் வேறொன்றை. மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணியை முந்திய நாள் எழுதியதை வாசிப்பதற்காகவே அவர் ஒதுக்கினார். ஆறில் ஒரு பங்கு. உங்களிடம் முக்கால் மணி இருந்தால் ஏழு, எட்டு நிமிடம்.

நான்காம் படி: முந்திய நாளுக்குத் திரும்புதல்

முதல் அத்தியாயத்திலிருந்து வாசித்துக்கொண்டு வராதீர்கள். தொடக்கக்காரர் பெரும்பாலானோர் இதைத்தான் செய்கிறார்கள். முதல் அத்தியாயம் ஐம்பது தடவை திருத்தப்பட்டு மெருகேறி நிற்கும், ஐந்தாம் அத்தியாயம் பிறந்தே இராது. நேற்று எழுதிய இரண்டு பக்கத்தை மட்டும், உதடு அசையும் அளவுக்கு மெதுவாக வாசியுங்கள். பேனையைக் கையில் எடுக்காமல் வாசியுங்கள், பிழை கண்ணில் பட்டாலும் விட்டுவிடுங்கள். பிறகு நேற்றைய கடைசிப் பந்தியை இன்றைய பக்கத்தின் தலைப்பில் அப்படியே திரும்ப எழுதுங்கள். கை அந்தக் குரலுக்குள் போய்விடும், அடுத்த வாக்கியம் பெரும்பாலும் தானாகவே வந்து சேரும். பயனற்ற வேலைபோலத் தோன்றும் இந்தப் பிரதி எடுத்தல்தான் எனக்குத் தெரிந்தவற்றுள் மிகவும் பயன்பட்ட பழக்கம்.

இதைவிட முக்கியமானது முந்திய நாள் எங்கே நிறுத்துகிறோம் என்பது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்தவேண்டும் என்று ஏர்னஸ்ட் ஹெமிங்வே சொல்லியிருக்கிறார். எழுதிப் பார்த்தவர்கள் அதை ஒப்புக்கொள்வார்கள். ஊற்று முழுவதையும் இறைத்துவிட்டு எழும்பினால் மறுநாள் வெறும் தரையைத்தான் பார்க்கவேண்டும். நிறுத்திய பின்னர் இரண்டு நிமிடம் எடுத்து, இடப்பக்கத்தில் நாளைக்கான குறிப்பொன்று எழுதுங்கள். அதை எப்படி எழுதுவது என்பதற்கு என் கொப்பியிலிருந்தே ஒன்றைக் காட்டுகிறேன்.

நான் எழுதிய காட்சி இதுதான்: படுவான்கரை ஊர் ஒன்றில், தாய் ஒருத்தி வீட்டு உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தை, இளைய மகளின் பெயருக்கு எழுதிக்கொடுக்க உட்கார்ந்திருக்கிறாள். வீடு பெண்பிள்ளைக்குப் போவது நம் மண்ணின் வழக்கம் என்றாலும், மூத்தவளுக்குக் கொடுத்த காணியில் வீடு எழும்பாமலே போய்விட்டது. பத்திரம் எழுதும் சட்டத்தரணியான நொத்தாரிசு அதை நீட்டுகிறார், தாய் பேனையை எடுக்கிறாள். அன்று 300 சொல் அங்கே முடிந்தது. அடுத்து நடப்பது எனக்குத் தெரிந்திருந்தும் எழுதாமல் இடப்பக்கத்தில் இப்படிக் குறித்தேன்: 'எடுத்துவிட்டாள், ஆனால் இன்று ஒப்பமிடமாட்டாள். பல்லி சொல்வது வேண்டாம். மூத்தவள் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருக்கிறாள், அந்தச் சத்தம் நிற்கவேண்டும். சத்தம் நின்றதால் தாய் நிமிரவேண்டும்.' மறுநாள் விடியப்புறம் கொப்பியைத் திறந்து நான் எழுதிய முதல் வாக்கியம், 'குசினிக்குள் தேங்காய் திருவும் சத்தம் நின்றது' என்பது. யோசிப்பதற்கென்று ஒரு நிமிடமும் செலவாகவில்லை.

அந்தக் குறிப்பில் 'அடுத்து ஒப்பமிடும் காட்சி' என்று மட்டும் எழுதியிருந்தால் ஒரு பயனும் இருந்திராது. குறிப்பில் ஒரு சத்தமோ ஒரு கையசைவோ இருக்கவேண்டும், வேண்டாம் என்று ஒதுக்கிய ஒன்றும் இருக்கவேண்டும். ஒதுக்கியதைக் குறிக்காவிட்டால், மறுநாள் மனம் முதலில் போய் நிற்பது அந்தப் பல்லியிடம்தான்.

ஐந்தாம் படி: தகவற் கொப்பி

நாவல் கொப்பியோடு சிறிய கொப்பி ஒன்றும் இருக்கவேண்டும். அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பக்கம்: பிறந்த ஆண்டு, குடி (தாய்வழிக் குலம்), உறவு, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், உடம்பில் ஏதும் அடையாளம், கடைசியாக எந்த அத்தியாயத்தில் வந்தார். இதை ஒரேயடியாக நிரப்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் எழுதி முடித்ததும் அன்று புதிதாகச் சொல்லப்பட்ட தகவலை மட்டும் அங்கே ஏற்றிவிட்டால் போதும், மூன்று நிமிடம்தான் செல்லும்.

இதைச் செய்யாமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். முதல் நாவலின்போது மழை, வெள்ளம், ஆண்டிறுதிப் பரீட்சை என்று ஆறு கிழமை கொப்பியைத் தொடவில்லை. தை பிறந்ததும் திரும்பி வந்து உற்சாகத்தோடு எழுதினேன். கைப்பிரதியை முழுவதும் வாசித்தபோது, ஆறாம் அத்தியாயத்தில் இறந்து, 31ஆம் நாள் கிரியையும் முடிந்த ஒரு பெரியம்மா, பதினோராம் அத்தியாயத்தில் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். அவளை எடுத்துவிட்டால் அந்த அத்தியாயத்தின் உரையாடல் முழுவதும் குலைந்துவிடும். அவள் பேசியவற்றை வேறொருவர் வாயில் வைக்கவும் முடியவில்லை. நாற்பது பக்கத்தைத் திரும்ப எழுதினேன்.

ஊரின் காலக் கணக்கும் இந்தக் கொப்பியில் இருக்கட்டும். நாவல் 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கடந்து போகிறதென்றால், அதற்கு முன்பிருந்த தென்னந்தோப்பு பின்னர் அதே உயரத்தில் நிற்க முடியாது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமையாகவும், முழுநிலா விடுமுறையான போயா நாளாகவும் இருந்தது. அன்று காலையில் உங்கள் பாத்திரம் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருக்க முடியாது. மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய கதையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகிறவர் மண்முனைத் துறையில் 'பாதை' எனப்படும் மிதவை வரும்வரை காத்து நிற்கவேண்டும், அந்தக் காத்திருப்பில் ஒரு காட்சியே கிடைக்கலாம். அம்பாறைப் பக்கத்துக் கதையென்றால் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்துக்கு முந்திய வட்டையா (வயல்வெளியா), பிந்திய வட்டையா என்பதில் நீரும் போகமும் மாறிவிடும். இவற்றை எழுதும் நேரத்தில் தேடாதீர்கள். சந்தேகம் வந்தால் கதையில் ஒரு கோடிட்டுவிட்டு மேலே செல்லுங்கள், மாலையில் தேடி நிரப்பலாம்.

எழுத்துக் கூட்டலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். 'வாறன்' என்று ஓரிடத்திலும் 'வாரன்' என்று மற்றோரிடத்திலும் ஒரே ஆள் பேசக்கூடாது. 'மறுகா' (பிறகு), 'அயத்துப்போச்சு' (மறந்துபோச்சு) போன்ற நம் சொற்களை உரையாடலில் மட்டும் வைப்பதா, கதை சொல்லும் குரலிலும் வைப்பதா என்பதை முதல் மாதத்திலேயே முடிவுசெய்து அங்கே எழுதிவிடுங்கள். என்னைக் கேட்டால், 'பிறகு' என்பதற்கு 'மறுகா' வருவதால் வெளியூர் வாசகர் தடுமாறிவிடமாட்டார். இரண்டாம் தடவை கண்டதும் பொருள் பிடிபட்டுவிடும், அடிக்குறிப்பும் தேவைப்படாது.

ஆறாம் படி: மீதி நாளில் செய்யவேண்டியது

எழுதும் நேரம் முக்கால் மணிதான் என்றாலும் நாவலாசிரியரின் வேலை நேரம் அதோடு முடிவதில்லை. சட்டைப்பையில் மடித்த கடதாசி ஒன்றை வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு வாக்கியம், காதில் விழுந்தபடியே எழுதுங்கள். கல்முனை பஸ்ஸில், மீன் ஏலம் கூறும் இடத்தில், மருந்தகத்தின் வரிசையில் விழுவது எதுவாகவும் இருக்கலாம். ஆரையம்பதியும் காத்தான்குடியும் அடுத்தடுத்த ஊர்கள். ஆனாலும் தாயை அழைப்பதிலிருந்து வாக்கியத்தை முடிப்பது வரை பேச்சில் உள்ள வேறுபாட்டைக் காதால் கேட்டு எழுதாதவர், இரண்டு ஊராரையும் ஒரே வாயால் பேசவைத்துவிடுவார். கேட்டதை எழுதும்போது சொன்னவரின் பெயரை எழுதாதீர்கள். ஊரில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். நாவல் வெளிவந்த பின்னர் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டியவர் நீங்கள்தான்.

வாசிப்பை இரவுக்கு வையுங்கள். எழுதும் காலத்தில் மற்றவர் நாவலை வாசித்தால் அவர் குரல் தொற்றிக்கொள்ளுமே என்று அஞ்சுவோர் வரலாறு, கடிதங்கள், பயணநூல்களை வாசிக்கலாம்.

ஏழாம் படி: முறிந்த ஒழுங்கை மீட்டல்

ஒழுங்கு முறியும். பெரும்போக அறுவடை வரும், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வரும், வீட்டில் ஒரு மரணம் வரும். அந்த நாட்களில் எழுதவில்லையே என்று உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். ஆட்களோடு இருக்கவேண்டிய நேரத்தில் ஆட்களோடு இருக்கவேண்டும். ஆனால் கொப்பியை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது திறந்து நேற்றைய இடப்பக்கக் குறிப்பை வாசித்துவிட்டு மூடுங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும், கதை அயத்துப்போகாமல் இருக்கும். திரும்பி வரும் முதல் மூன்று நாளும் கால்மணி நேரம் மட்டுமே உட்காருங்கள். தவறவிட்ட சொற்களைக் கடன் அடைப்பதுபோல ஒரே நாளில் எழுத முனையவேண்டாம். ஐந்து நாள் தவறியவர் 1,500 சொல்லை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எழுத முற்பட்டால், திங்கட்கிழமை மேசையைக் கண்டாலே வெறுப்பு வந்துவிடும்.

எட்டாம் படி: திருத்தத்தைத் தள்ளிவையுங்கள்

மட்டக்களப்புக் கூத்துப் பழகுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தப் படியை விளக்குவது எளிது. கூத்தைப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார் முதலில் சட்டம் கொடுக்கிறார், அதாவது அவரவர் பாத்திரத்தைப் பங்கிட்டு எழுதிக்கொடுக்கிறார். பிறகு மாதக்கணக்கில், நாளாந்த உழைப்பு முடிந்து வந்தவர்கள் இரவில் ஆடுமிடமான களரியில் கூடிப் பாட்டையும் ஆட்டத்தையும் பழகுகிறார்கள். சதங்கை அணிவதும், முழுக் கூத்தையும் ஒரே இரவில் அடுக்குப் பார்ப்பதும், உடுப்போடு அரங்கேறுவதும் தனித்தனி இரவுகள். ஆட்டம் பழகும் இரவில் எவரும் கிரீடத்தின் பொன்தாளைத் திருத்திக்கொண்டிருப்பதில்லை. விடியப்புறம் நீங்கள் எழுதுவது பழகும் இரவுக்கு ஒப்பானது. அந்த நேரத்தில் வாக்கியத்தை அடித்துத் திருத்தாதீர்கள், மனத்துக்குப் பிடிக்காததன் கீழே கோடிட்டுவிட்டுச் செல்லுங்கள்.

நான்கு கொப்பியும் நிரம்பிய பின்னர் ஒரு மாதம் அவற்றை அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். பிறகு இரண்டு மூன்று நாள் விடுமுறையை எடுத்துக்கொண்டு, அடுக்குப் பார்ப்பதுபோல முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல், வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தையும், யார் பேசுகிறார் என்று உங்களுக்கே மயங்கும் இடத்தையும் ஓரத்தில் ஒரு புள்ளியால் குறித்தால் போதும். அதன்பின் அதே விடியப்புற நேரத்தில், நாளுக்கு நான்கு பக்கம் என்று இடப்பக்கத்தில் திருத்துங்கள்; 400 வலப்பக்கத்துக்கு நூறு நாள், கிழமைக்கு ஐந்து நாளாக இருபது கிழமை. திருத்தி முடியும்வரை எவருக்கும் காட்டவேண்டாம் என்பதே என் கருத்து. நண்பர் ஒருவர் அன்போடு சொல்லும் ஒரு சொல்லும் நடுவழியில் கதையைத் திருப்பிவிடக்கூடும். காட்டும்போது ஒருவருக்கு மட்டும் காட்டுங்கள். அவர் எழுத்தாளராக இராமல், நாவல் நடக்கும் ஊரை அறிந்த வாசகராக இருப்பது நல்லது. 'எப்படி இருக்கிறது' என்று கேட்காமல், 'எந்தப் பக்கத்தில் கொப்பியை மூடிவைத்தீர்கள்' என்று கேளுங்கள், அதற்கு எல்லோராலும் உண்மையான பதில் சொல்ல முடியும்.

கொப்பிகள் பூட்டியிருக்கும் அந்த ஒரு மாதத்திலும் விடியப்புறம் மேசைக்கு வாருங்கள். அப்போது எழுத நாவல் இல்லை. சட்டைப்பைக் கடதாசிகளில் சேர்ந்திருக்கும் வாக்கியங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் சொன்ன ஆளின் கை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று நாளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். என் இரண்டாவது நாவலின் முதல் பாத்திரம் அப்படி எழுதிய பதினேழாம் பக்கத்தில்தான் வந்தது. முருங்கைக்காயைக் கட்டு அவிழ்த்து ஒவ்வொன்றாக எண்ணியபடி, வாங்க வந்தவரைக் கிறுகிப் பாராமலே விலை சொன்ன ஒரு பெண் அவள்.